குடிநோய்க்கு மருந்து இருக்கிறது என்று ஏன் யாரும் சொல்வதில்லை?

கடைக்குட்டி:

நேராகவே கேட்டுவிடுகிறேன். குடிநோய்க்கு மருந்து இருக்கிறது என்பது இங்கே எத்தனை பேருக்குத் தெரியும்? நால்ட்ரெக்சோன் மாத்திரைக்கு அமெரிக்காவில் இதற்கான அனுமதி கிடைத்தது 1994-ல். அகாம்ப்ரோசேட்டுக்கு 2004-ல். டைசல்பிராம் இரண்டுக்கும் முந்தையது, 1940-களின் கடைசியில் டென்மார்க்கில் வந்தது. என் பெரியண்ணன் பல வருஷமாகக் குடிக்கிறார். எத்தனையோ டாக்டர்களிடம் கூட்டிப்போயிருக்கிறோம், ஈரலுக்கு எழுதினார்கள், வயிற்றுக்கு எழுதினார்கள், தூக்கத்துக்கு எழுதினார்கள், கடைசியில் "குடியை விட்டுடுங்க, இல்லேன்னா உயிருக்கு ஆபத்து" என்று சொல்லி அனுப்பினார்கள். குடிக்கான மருந்தின் பெயரை ஒருவர்கூடச் சொல்லவில்லை. நானாகத் தேடிப் படித்துத்தான் தெரிந்துகொண்டேன்.

எங்களுக்கு மட்டும் இப்படி என்றால் எங்கள் நேரம் என்று விட்டிருப்பேன். ஆனால் அமெரிக்காவில் 2019-ல் எடுத்த தேசியக் கணக்கெடுப்பில், குடிநோய் உள்ளவர்களில் அந்த வருஷம் அதற்கான மருந்து எடுத்துக்கொண்டவர்கள் 1.6 சதவீதம்தான். நூற்றுக்கு இரண்டு பேர்கூட இல்லை! சர்க்கரை நோய்க்கு இப்படி ஒரு நிலைமை என்றால் யாராவது சும்மா இருப்பார்களா? உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2019-ல் மதுவால் இறந்தவர்கள் 26 லட்சம் பேர், குடிநோயோடு வாழ்கிறவர்கள் 40 கோடி.

இந்த மருந்துகள் உண்மையிலேயே வேலை செய்கின்றனவா? யாருக்கு, எவ்வளவு? அடுத்த வாரம் ஒரு மனநல மருத்துவரிடம் அண்ணனை அழைத்துப்போகிறோம், அதற்கு முன்னால் விவரம் தெரிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

எண்கணக்கு:

வேலை செய்கின்றன, ஆனால் எவ்வளவு என்பதைச் சரியாகப் புரிந்துகொண்டு போங்கள், இல்லையென்றால் முதல் மாதமே மனம் உடைந்துவிடும். 2023-ல் ஜாமா என்ற அமெரிக்க மருத்துவ இதழில் ஒரு பெரிய தொகுப்பாய்வு வந்தது. 118 மருத்துவப் பரிசோதனைகள், கிட்டத்தட்ட 21 ஆயிரம் நோயாளிகள். அகாம்ப்ரோசேட்டை 11 பேருக்குக் கொடுத்தால், மருந்து இல்லாவிட்டால் திரும்பக் குடித்திருக்கக்கூடிய ஒருவர் கூடுதலாகக் குடிக்காமல் இருக்கிறார். நால்ட்ரெக்சோன் 50 மில்லிகிராம் என்றால் அதே பலனுக்கு 18 பேர், ஆனால் "கொஞ்சம் குடித்தாலும் பழையபடி அளவில்லாமல் போகாமல் இருப்பது" என்று பார்த்தால் அதுவும் 11 பேருக்கு ஒருவர்.

பதினொன்றில் ஒன்றா என்று உதட்டைப் பிதுக்காதீர்கள். நாம் தினமும் நம்பிச் சாப்பிடும் பல மாத்திரைகளின் கணக்கு இதைவிடப் பலவீனம். இன்னொன்று, எல்லா ஆய்வும் ஒரே பேச்சுப் பேசவில்லை. 2006-ல் 1,383 பேரை வைத்து அமெரிக்காவில் நடந்த கம்பைன் ஆய்வில் நால்ட்ரெக்சோன் பலன் தந்தது, அகாம்ப்ரோசேட் தரவில்லை. ஐரோப்பிய ஆய்வுகளில் அகாம்ப்ரோசேட் நன்றாக வந்திருக்கிறது. குடியை முழுக்க நிறுத்திய பிறகு ஆரம்பிக்கும்போதுதான் அது நன்றாக வேலை செய்கிறது என்பது இந்த வித்தியாசத்துக்குச் சொல்லப்படும் காரணங்களில் ஒன்று, எனக்கும் அதுதான் சரியாகப் படுகிறது.

நேர்வழி:

கோபித்துக்கொள்ளாதீர்கள், மனதில் பட்டதைச் சொல்கிறேன். என் சித்தப்பா ஒரு மாத்திரையும் சாப்பிடாமல் விட்டார். விடணும் என்று நினைத்தார், விட்டார். நோய் நோய் என்று சொல்லிச் சொல்லியே குடிக்கிறவனுக்கு ஒரு சாக்கைக் கையில் கொடுக்கிறோம். நோய் என்றால் பொறுப்பு யாருடையது? அடி வாங்கின மனைவிக்கும் பள்ளிக்கூடம் போகாமல் போன பிள்ளைக்கும் யார் பதில் சொல்வது?

எண்கணக்கு:

நேர்வழி, சித்தப்பா விட்டது உண்மை, அப்படி விடுகிறவர்கள் நிறையப் பேர் உண்டு, ஆய்வுகளும் அதைத்தான் சொல்கின்றன. ஆனால் எல்லாருடைய குடியும் ஒரே ரகம் இல்லை. 2013-ல் வந்த டி.எஸ்.எம்.-5, அதாவது அமெரிக்க மனநல மருத்துவர்களின் நோய் வரையறைக் கையேட்டில் 11 அறிகுறிகள் இருக்கின்றன: நினைத்ததைவிட அதிகமாகக் குடிப்பது, குறைக்க முயன்று முடியாமல் போவது, அடக்க முடியாத ஏக்கம், வேலையும் வீடும் கெட்டும் தொடர்வது, போதைக்கு முன்னைவிட அதிகம் தேவைப்படுவது, நிறுத்தினால் நடுக்கம், இப்படி. ஒரு வருஷத்துக்குள் இரண்டு இருந்தாலே குடிநோய்தான், ஆனால் லேசானது. நான்கு ஐந்து என்றால் நடுத்தரம். ஆறும் அதற்கு மேலும் தீவிரம். இரண்டு அறிகுறி உள்ளவர் மனசு வைத்து விடுவதும் ஒன்பது உள்ளவர் விடுவதும் ஒன்றில்லை.

இரட்டையர்களையும் தத்துப் பிள்ளைகளையும் வைத்துச் செய்த ஆய்வுகளைத் தொகுத்தால், யாருக்குக் குடிநோய் வரும் என்பதில் ஏறக்குறைய பாதி மரபணுவின் பங்கு. மீதிப் பாதி வாழ்க்கை: எந்த வயதில் தொடங்கினார், சுற்றி யார் இருந்தார்கள், எவ்வளவு சுலபமாகக் கிடைத்தது, என்ன காயத்தைச் சுமக்கிறார். கிழக்கு ஆசியாவில் பலருக்கு மதுவை உடைக்க உதவும் ஏ.எல்.டி.எச்.2 என்ற நொதி சரியாக வேலை செய்யாது, ஒரு மடக்கிலேயே முகம் சிவந்து நெஞ்சு படபடக்கும், அதனால் அவர்களிடம் குடிநோய் குறைவு. அது அவர்களுடைய ஒழுக்கத்தால் வந்தது என்று யாரும் சொல்வதில்லை, இல்லையா? அப்படியென்றால் மறுபக்கம் இருக்கிறவருக்கு மட்டும் ஏன் முழுக்க ஒழுக்கக் கணக்கு? (அந்த நொதிக் குறைபாட்டோடு தொடர்ந்து குடிப்பவர்களுக்கு உணவுக்குழாய்ப் புற்றுநோய் ஆபத்து மிக அதிகம், அது தனி விஷயம்.)

முல்லை:

அடி வாங்கின மனைவி என்று எழுதினீர்களே, நான் அப்படி ஒருத்திதான். எனக்குக் கோபம் போகவில்லை, போகவும் வேண்டாம். அவர் செய்ததற்கு அவர்தான் பொறுப்பு. ஆனால் என் கோபத்தால் அவர் ஒரு நாளும் குடிக்காமல் இருந்ததில்லை. நோய் என்று ஒத்துக்கொண்டால் அவரை மன்னித்ததாக ஆகிவிடும் என்று நானும் ரொம்ப நாள் பிடிவாதமாக இருந்தேன். இரண்டும் வேறு வேறு.

இப்போது என் கேள்வி. சாப்பாட்டில் தெரியாமல் கலந்து கொடுத்தால் குடியை விட்டுவிடுவார்கள் என்று ஒரு பொடியைப் பற்றி உறவுக்காரர் ஒருவர் சொல்கிறார். கொடுக்கலாமா?

வார்டு விளக்கு:

முல்லை அம்மா, தயவுசெய்து வேண்டாம். குடிநோய் வார்டில் வேலை பார்க்கிற செவிலியாகச் சொல்கிறேன். அப்படிப்பட்ட பொடியில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது, சிலவற்றில் டைசல்பிராமையே பொடித்துக் கலக்கிறார்கள். அந்த மருந்து எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் ஏன் பதறுகிறேன் என்று புரியும்.

நாம் குடிக்கும் சாராயம் ஈரலில் முதலில் அசிட்டால்டிஹைடாக மாறுகிறது. அது நஞ்சு. அடுத்த நொதி அதை உடனே உடைத்துவிடுவதால்தான் உடம்பு தாங்குகிறது. டைசல்பிராம் அந்த இரண்டாவது நொதியை முடக்கிவிடும். அதற்கு மேல் குடித்தால் முகம் சிவந்து, தலை வெடிக்கிற மாதிரி வலித்து, வாந்தி, படபடப்பு, ரத்த அழுத்தம் சரிந்து போகும். இதயக் கோளாறு உள்ளவர் செத்தும் போகலாம். டென்மார்க்கில் ஹால்ட், யாகோப்சென் என்ற இரண்டு ஆய்வாளர்கள் புழுக்கொல்லி மருந்துக்காக இதைத் தங்கள் மேலேயே சோதித்தபோது, குடித்ததும் இப்படி உடம்புக்கு முடியாமல் போய்த்தான் இதன் குணமே தெரியவந்தது. "குடித்தால் இப்படி ஆகும்" என்று தெரிந்திருக்கும் பயம்தான் இதில் பாதி மருந்து. தெரியாமல் கொடுத்தால் அந்தப் பயமும் கிடையாது, அவர் வழக்கம் போலக் குடிப்பார், ஆபத்து மட்டும் மிஞ்சும். அவருக்குத் தெரிந்து, அவர் சம்மதித்து, ஈரலும் இதயமும் பார்த்து, வீட்டில் ஒருவர் முன்னால் தினமும் விழுங்கினால் இதே மருந்து நல்ல பலன் தருகிறது.

கடைக்குட்டி தம்பிக்கும் ஒன்று சொல்லியாக வேண்டும், இந்த இழையிலேயே இதுதான் அவசரம் என்று நினைக்கிறேன். டாக்டரைப் பார்க்கும்வரை அண்ணனை அறையில் பூட்டி வைத்து நிறுத்துகிற வேலையெல்லாம் செய்துவிடாதீர்கள்.

கடைக்குட்டி:

அக்கா, அம்மா அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். "டாக்டர்கிட்ட போகும்போதாவது சுத்தமா போகட்டும், நாளையிலிருந்தே நிறுத்திடலாம்" என்று. ஏன் கூடாது?

வார்டு விளக்கு:

மூளையில் காபா என்ற ரசாயனம் பிரேக் மாதிரி, குளூட்டமேட் ஆக்சிலரேட்டர் மாதிரி. குடி பிரேக்கை அழுத்திப் பிடிக்கிறது. வருஷக்கணக்கில் இப்படி நடந்தால் மூளை சும்மா இருக்காது, தன் சொந்த பிரேக்கைத் தளர்த்திவிட்டு ஆக்சிலரேட்டரை ஏற்றி வைத்துக்கொள்ளும், அப்போதுதான் குடியோடு சமநிலையில் ஓட முடியும். திடீரென்று குடியை எடுத்துவிட்டால்? ஆறேழு மணி நேரத்திலேயே கை நடுங்கும், வியர்க்கும், படபடக்கும். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாள்வரை சிலருக்கு டெலிரியம் ட்ரெமன்ஸ் என்ற நிலை: இடம் தெரியாது, ஆள் தெரியாது, சுவரில் பூச்சி ஊர்கிறது என்பார்கள், காய்ச்சல், இதயம் தறிகெட்டு ஓடும். சிகிச்சை இல்லாமல் விட்டால் உயிரே போகும். வீட்டில் இருப்பவர்கள் இதைப் பார்த்துப் பேய் பிடித்துவிட்டது என்றோ நடிக்கிறார் என்றோ நினைத்துக்கொண்டு நேரத்தைக் கடத்தி விடுகிறார்கள், எனக்கு அதுதான் தாங்கவே முடியாது.

இதெல்லாம் சத்துக்குறைவால் வருகிறது என்று ஒரு காலத்தில் நினைத்தார்கள். 1955-ல் அமெரிக்காவில் இஸ்பெல் குழுவினர் சிலருக்கு நல்ல சாப்பாடும் வைட்டமினும் கொடுத்தபடியே வாரக்கணக்கில் குடிக்கவைத்து, திடீரென்று நிறுத்திப் பார்த்தார்கள். வலிப்பும் வந்தது, பிதற்றலும் வந்தது. நிறுத்தியதுதான் காரணம் என்று அப்போதுதான் தெளிவானது. இன்றைக்கு அப்படி ஒரு சோதனைக்கு எந்த நெறிமுறைக் குழுவும் அனுமதி தராது, தரவும் கூடாது.

மருத்துவமனையில் இதைச் சுலபமாகச் சமாளிக்கலாம். மூளையை அமைதிப்படுத்தும் டையாசிபாம், குளோர்டையாசிபாக்சைடு, ஈரல் மோசமாக இருந்தால் லோராசிபாம் கொடுத்து, சில நாட்களில் படிப்படியாகக் குறைப்போம். கூடவே தயமின், அதாவது வைட்டமின் பி1, ஊசியாக. இதை அலட்சியம் செய்யாதீர்கள். தயமின் வற்றிப்போனால் வெர்னிக்கி மூளைநோய் வரும்: குழப்பம், கண் அசைவில் கோளாறு, நடை தள்ளாட்டம். மூன்றும் சேர்ந்து தெரிவது சிறுபான்மையினரிடம்தான், அதனால் "போதையில் இருக்கிறார்" என்று தவறவிட்டு விடுகிறார்கள். தவறவிட்டால் கோர்சகோஃப் நோய், புது நினைவே பதியாது, ஐம்பது வயது ஆள் காலையில் பேசியதை மதியம் மறந்துவிட்டு இல்லாத கதையை நம்பிச் சொல்லிக்கொண்டிருப்பார். ஒரு வைட்டமின் ஊசி தடுத்திருக்கக்கூடிய விஷயம்.

இதற்கு முன் நிறுத்தியபோது வலிப்பு வந்திருந்தால் அடுத்த முறை இன்னும் மோசமாக வர வாய்ப்பு அதிகம். அண்ணனுக்கு வந்திருக்கிறதா?

கடைக்குட்டி:

வந்திருக்கிறது. ஒரு தடவை. வெறும் வயிற்றில் இருந்ததால் மயக்கம் என்று நினைத்துக்கொண்டோம்.

வார்டு விளக்கு:

அப்படியென்றால் உள்நோயாளியாகச் சேர்த்துத்தான் நிறுத்த வேண்டும். டாக்டரிடம் முதல் வாக்கியமே அதுவாக இருக்கட்டும். அதற்குள் வலிப்போ பிதற்றலோ வந்தால் அடுத்த வாரம் என்று காத்திருக்க வேண்டாம், நேரே அவசரப் பிரிவு.

மறுகரை:

நான் குடித்தவன். இப்போது குடிப்பதில்லை. நால்ட்ரெக்சோன் சாப்பிட்டால் எப்படி இருக்கும் என்று படிப்பறிவாக நிறையப் பேர் எழுதுவார்கள், சாப்பிட்டவனாகச் சொல்கிறேன். மந்திரம் எதுவும் நடக்காது. முதல் சில வாரம் கொஞ்சம் குமட்டல். நடுவில் ஒரு நாள் தடுக்கி விழுந்து குடித்தேன், குடித்தபோது அந்த "ஆஹா" வரவில்லை. வெறும் தலைச்சுற்றலாக இருந்தது. மது குடித்ததும் மூளை தானே சுரக்கும் எண்டார்ஃபின் போய் உட்கார வேண்டிய இடத்தை இந்த மருந்து அடைத்துக்கொண்டிருக்கும் என்று டாக்டர் சொன்னார். அடுத்த கோப்பையை நோக்கிக் கை போகவில்லை, அதுதான் எனக்குப் புதுசு. என் மனவுறுதியைப் பற்றி ஆயுள் முழுக்கத் திட்டு வாங்கினவன் நான், அந்த ஒரு ராத்திரி புரிந்தது எனக்கும் ஒரு உறுதி இருக்கிறது, அது வேலை செய்ய இடம்தான் கிடைக்காமல் இருந்தது என்று.

மருந்தோடு நின்றுவிடவில்லை. குடியை விட்டவர்களின் கூட்டங்களுக்குப் போகிறேன். அங்கே சில பழைய ஆட்கள் மாத்திரை சாப்பிட்டால் அது உண்மையான விடுதலை இல்லை என்பார்கள், அதை மட்டும் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

எண்கணக்கு:

மறுகரை சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். கூட்டங்களை அறிவியல் இல்லாத விஷயம் என்று நானும் ஒதுக்கத்தான் பார்த்திருப்பேன், ஆனால் 2020-ல் காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பின் தொகுப்பாய்வு 27 ஆய்வுகளைப் பார்த்தது. இப்படிக் கூட்டங்கள் நடத்தும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் வழியில் முறையாக இணைத்துவிடப்பட்டவர்களில் ஒரு வருஷ முடிவில் தொடர்ந்து குடிக்காமல் இருந்தவர்கள் 42 சதவீதம், நடத்தை சிகிச்சை போன்ற மற்ற முறைகளில் 35 சதவீதம். ஒதுக்கிவிடக்கூடிய வித்தியாசம் இல்லை அது.

நால்ட்ரெக்சோன் பற்றி ஓர் எச்சரிக்கை: டிராமடால் மாதிரி ஓபியாய்டு (அபின் போல வேலை செய்யும்) வகை வலி மாத்திரை சாப்பிடுகிறவர் இதைச் சாப்பிடவே கூடாது, கடுமையான பின்விளைவு வரும். ஈரல் ரொம்பக் கெட்டிருந்தால் டாக்டர் யோசிப்பார். அப்படிப்பட்டவர்களுக்கு அகாம்ப்ரோசேட் உதவும், அது ஈரல் வழியாகச் சிதைவதில்லை, சிறுநீரகம் மட்டும் நன்றாக இருக்க வேண்டும்.

நேர்வழி:

சரி, வலிப்பு விஷயம் எனக்குத் தெரியாது. யாரையும் பூட்டி வைக்கச் சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு சந்தேகம். அளவாகக் குடித்தால் இதயத்துக்கு நல்லது என்று டாக்டர்களே சொன்ன காலம் உண்டே? இப்போது ஒரு சொட்டுக்கூடக் கூடாது என்கிறார்கள். இவர்களை எப்படி நம்புவது?

எண்கணக்கு:

நியாயமான கேள்வி. பழைய ஆய்வுகளில் குடிக்காதவர்களைவிட அளவாகக் குடிப்பவர்களுக்கு இதயநோய் குறைவாகத் தெரிந்தது. ஆனால் "குடிக்காதவர்கள்" என்ற கூட்டத்தில் யார் யார் இருந்தார்கள்? உடம்பு கெட்டுப்போய்க் குடியை விட்டவர்களும் அதில்தான் சேர்ந்திருந்தார்கள். அளவாகக் குடிப்பவர்களோ பெரும்பாலும் வசதியும் படிப்பும் உள்ளவர்கள். 2023-ல் 107 ஆய்வுகளை, 48 லட்சம் பேருக்கு மேல், இந்தப் பிழைகளைத் திருத்திக் கணக்கிட்டபோது குறைவாகக் குடிப்பதால் ஆயுள் கூடுகிறது என்ற பலன் காணாமல் போனது. 2019-ல் சீனாவில் ஐந்து லட்சம் பேருக்கு மேல் இருந்த ஆய்வில் மரபணு வழியாகப் பார்த்தபோதும் பக்கவாதத்துக்கு எந்தப் பாதுகாப்பும் தெரியவில்லை, குடி ஏற ஏற ஆபத்தும் ஏறியது. இதை நேரடியாகச் சோதிக்க அமெரிக்காவில் தொடங்கிய பெரிய பரிசோதனையை 2018-ல் பாதியில் நிறுத்தினார்கள், மது நிறுவனங்களின் பணத்தை அதிகாரிகளும் ஆய்வாளர்களும் கேட்டு வாங்கிய விதம் தெரியவந்ததால். அறிவியல் தன்னைத் திருத்திக்கொண்டிருக்கிறது, எனக்கு நம்பிக்கை வருவதே அதனால்தான்.

புற்றுநோயைப் பொறுத்தவரை சந்தேகத்துக்கே இடம் இல்லை. மதுபானம் 1988-லிருந்தே உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு வைத்திருக்கும் முதல் வகைப் புற்றுநோய்க் காரணிகள் பட்டியலில் இருக்கிறது, புகையிலை இருக்கும் அதே வகை. வாய், தொண்டை, குரல்வளை, உணவுக்குழாய், ஈரல், பெருங்குடல், பெண்களின் மார்பகம். 2020-ல் மட்டும் உலகம் முழுக்கப் புதிதாக வந்த புற்றுநோய்களில் சுமார் 7.4 லட்சம் மதுவால்.

முல்லை:

ஈரல் ஒருமுறை போனால் போனதுதானா? அவருக்கு ஸ்கேனில் கொழுப்பு என்று வந்திருக்கிறது.

வார்டு விளக்கு:

இல்லை அம்மா, கொழுப்பு மட்டும் என்றால் அது நல்ல செய்தி. அதிகமாகக் குடிக்கும் பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு அது இருக்கும், நிறுத்தினால் சில வாரங்களிலேயே கரையும். அதைத் தாண்டி அழற்சி, தழும்பு, கடைசியில் ஈரல் சுருக்கம் என்று போகிறவர்கள் பத்தில் ஒன்றிரண்டு பேர், யார் அவர்கள் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. சுருக்கம் வந்த பிறகும் நிறுத்தினால் ஆயுள் கூடுகிறது, "இனிமே நிறுத்தி என்ன" என்ற பேச்சுக்கு எந்த நிலையிலும் அர்த்தம் இல்லை.

மாற்று ஈரல் வைக்க ஆறு மாதம் குடிக்காமல் இருந்து காட்ட வேண்டும் என்று பல இடங்களில் ஒரு விதி இருந்தது. மருந்துக்குக் கட்டுப்படாத தீவிர மது ஈரல் அழற்சி வந்தவர்கள் அந்த ஆறு மாதம் உயிரோடு இருப்பதே அரிது. 2011-ல் வெளியான ஆய்வில் பிரான்சைச் சேர்ந்த மதூரின் குழுவினர், கவனமாகத் தேர்ந்தெடுத்த 26 பேருக்குக் காத்திருக்காமல் மாற்று ஈரல் வைத்தார்கள். ஆறு மாதம் பிழைத்தவர்கள் 77 சதவீதம், வைக்காதவர்களில் 23. குடிகாரனுக்கு எதற்கு ஈரல் என்று கேட்கிறவர்கள் இந்த இரண்டு எண்ணையும் ஒருமுறை பார்க்க வேண்டும்.

மூளையும் இப்படித்தான், நிறுத்திய சில மாதங்களில் சுருங்கிய பகுதிகள் ஓரளவு திரும்புகின்றன.

மறுகரை:

எடை குறைக்கிற ஊசி குடியையும் குறைக்கிறது என்று பேசிக்கொள்கிறார்களே, அது?

எண்கணக்கு:

செமாகுளூடைட். 2025-ல் வந்த சிறிய பரிசோதனை, 48 பேர், ஒன்பது வாரம். ஏக்கம் குறைந்தது, குடிக்கிற நாளில் குடிக்கும் அளவு குறைந்தது, ஆனால் குடித்த நாட்களின் எண்ணிக்கை பெரிதாக மாறவில்லை. பெரிய ஆய்வுகள் வர வேண்டும். இருக்கிற மருந்தையே நூற்றுக்கு இரண்டு பேருக்குக்கூடக் கொடுக்காமல் புது ஊசிக்காகக் காத்திருப்பது எனக்கு ஒப்பவில்லை.

கடைக்குட்டி:

எல்லாருக்கும் நன்றி. அம்மாவிடம் வலிப்பு விஷயத்தைச் சொன்னேன், பயந்துபோனார்கள், நாளையிலிருந்து நிறுத்துகிற பேச்சை விட்டுவிட்டார்கள். அண்ணனிடமும் இந்த இழையைக் கொடுத்தேன். மறுகரை எழுதியதைப் படித்துவிட்டு ரொம்ப நேரம் கழித்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "நிறுத்தினா தூக்கம் வருமா?" அவர் குடிக்க ஆரம்பித்ததே தூக்கத்துக்காகத்தான் என்று இப்போதுதான் சொல்கிறார். என்ன பதில் சொல்வது?

வார்டு விளக்கு:

உண்மையைச் சொல்லுங்கள். முதல் சில வாரம் தூக்கம் கெடும், சிலருக்கு மாதக்கணக்கில் இழுக்கும். குடித்தால் சீக்கிரம் கண் அசரும், ஆனால் பின்னிரவில் தூக்கத்தை உடைப்பதும் அதே குடிதான். நிறுத்தியவர்கள் திரும்பக் குடிக்கப் போவதற்குத் தூக்கமின்மை ஒரு பெரிய காரணம் என்று ஆய்வுகளும் சொல்கின்றன, வார்டிலும் பார்க்கிறேன். அதனால் வலிப்புக்கு அடுத்தபடியாக டாக்டரிடம் இதைச் சொல்லுங்கள். பழைய தூக்க மாத்திரை வீட்டில் மிச்சம் இருந்தால் எடுத்து வைத்துவிடுங்கள், குடியோடு சேர்ந்தால் மூச்சு நின்றுவிடலாம். அப்புறம், அவர் இப்போது சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும் பையோடு எடுத்துப்போங்கள், வலி மாத்திரை உள்பட. சேர்த்துக்கொண்டார்களா என்று மட்டும் வந்து எழுதுங்கள், தம்பி.